நீலத் தோலும் ஒற்றைப் படிகமும்

மணிமேகலைக் காப்பியத்தின் நான்காம் காதைக்குப் 'பளிக்கறை புக்க காதை' என்று பெயர். உவவனத்திலுள்ள பளிங்கு மண்டபத்தினுள் மணிமேகலை மறைந்துகொள்கிறாள். அம்மண்டபத்தின் இயல்பைச் சாத்தனார் முந்தைய காதையிலேயே சொல்லிவிடுகிறார்: உள்ளிருப்போரின் உருவம் வெளியே தெரியும், குரல் வெளியே வராது. வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் நமக்கு ஒரு வியப்பு எழுவதுண்டு. பளிங்கு என்றால் ஒளி ஊடுருவும் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். ஒன்றை விடும், மற்றொன்றைத் தடுக்கும் என்று அதன் குணத்தைப் பிரித்துச் சொல்ல அந்தக் கவிஞருக்குத் தோன்றியிருக்கிறது. இன்றைய படிக அறிவியலின் பெரும்பகுதி இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். எதை விடுவது, எதைத் தடுப்பது, எதை வேறொன்றாக மாற்றி வெளியே அனுப்புவது என்பதே அங்கு கேள்வி.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தைப் பற்றி எழுதப் புகுந்தால் தோலைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்பது எழுதப்படாத விதி. நாமும் அதை மீறப் போவதில்லை. ஆனால் தோலுக்கும் பளிங்குக்கும் இடையே ஓர் உறவு இருக்கிறது. சென்னையிலும் பாலாற்றங்கரையிலுமாக நூறாண்டுக்கும் மேலாக நீண்டுவரும் அந்த உறவைத் தமிழில் யாரும் சேர்த்துச் சொன்னதாக நமக்குத் தெரியவில்லை.

முதலில் 'ஒற்றைப் படிகம்' என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடலாம். ஒரு கைப்பிடி உப்பிலும் படிகங்கள் உண்டு. அவை ஆயிரக்கணக்கில், ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை பார்த்துக் கிடக்கும். ஓர் இரும்புத் துண்டின் உள்ளேயும் அப்படித்தான்: சிறு சிறு படிக மணிகள் நெருக்கிக்கொண்டு, எல்லைச் சண்டை போட்டபடி இருக்கும். ஒற்றைப் படிகத்தில் எல்லையே இல்லை. ஒரு முனையில் அணுக்கள் எந்த வரிசையில் நின்றனவோ அதே வரிசை மறுமுனை வரை குலையாமல் நிற்கும். நம் வீடுகளில் இதற்கு மிக நெருங்கிய உறவு கற்கண்டு. பனங்கற்கண்டு செய்வோர் நூல் கட்டிய பானையில் பாகை ஊற்றிப் பல நாள் அசையாமல் வைத்திருப்பார்கள். அசைத்தால் கெட்டுவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆய்வகத்தில் படிகம் வளர்ப்பவருக்கும் முதல் பாடம் அதுவே.

இத்துறையின் தமிழ்க் கலைச்சொற்களில் ஒன்று நமக்கு மிகவும் பிடித்தமானது. நீரில் இனிமேல் கரையாது என்னும் அளவுக்கு உப்பைக் கரைத்துவிட்டால் அது 'தெவிட்டிய கரைசல்'. பாடநூலுக்காகச் சொல் தேடிய யாரோ ஒருவர் விருந்துண்டவனின் வயிற்றை நினைத்திருக்கிறார். சூடான நீரில் தெவிட்டும் வரை கரைத்து, அசைக்காமல் மெல்லக் குளிரவிட்டால், தெவிட்டிய பின்னும் கூடுதலாகச் சுமந்துகொண்டு நிற்கும் நிலை ஒன்று வரும். அது மீதெவிட்டிய நிலை. அந்நிலையில் ஒரு சிறு தூசு விழுந்தாலும் போதும், சுமையெல்லாம் படபடவென்று பொடியாக இறங்கிவிடும். தூசுக்குப் பதிலாக அதே பொருளின் குற்றமற்ற சிறு படிகம் ஒன்றைத் தொங்கவிட்டால், இறங்குவதெல்லாம் அதன்மேல் ஒழுங்காய் ஒட்டும். அதை 'வித்து' என்கிறார்கள். கரைசலுக்குள் அணுத்திரள் ஒன்று முதன்முதலில் தோன்றி நிலைபெறுவதற்கு 'கருவாக்கம்' என்று பெயர். தெவிட்டல், கரு, வித்து, வளர்ச்சி என்று இத்துறையின் சொற்களெல்லாம் உயிருள்ளவற்றிடம் கடன் வாங்கியவை. இயற்பியலார் இதை எண்ணிப் பார்ப்பதுண்டா என்று தெரியவில்லை.

உலக வரலாற்றை விரிவாகச் சொல்லப் போவதில்லை. 1902இல் வெர்னூயி என்னும் பிரெஞ்சுக்காரர் தீச்சுடரில் அலுமினிய ஆக்சைடுத் தூளை உருக்கிச் செயற்கை மாணிக்கம் செய்தார். 1916இல் பெர்லினில் பணியாற்றிய போலந்துக்காரர் சொக்ரால்ஸ்கி, எழுதிக்கொண்டிருந்தபோது மைப்புட்டிக்குப் பதிலாக உருகிய வெள்ளீயத்தில் பேனாவைத் தோய்த்துவிட்டார் என்றும், பேனா முனையில் நூல்போல் ஒற்றைப் படிகம் தொடர்ந்து வந்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. கணிப்பொறிச் சில்லுக்கான சிலிக்கானின் பெரும்பகுதி இன்று அம்முறையில்தான் இழுக்கப்படுகிறது. எழுதுபவனின் கவனப்பிசகு உலகுக்கு உதவியதற்கு வேறு சான்று நம்மிடம் இல்லை.

1960இல் மெய்மன் முதல் லேசரைச் செய்தபோது அதன் இதயம் ஒரு மாணிக்கப் படிகம். மறு ஆண்டே ஃபிராங்கனும் அவருடைய கூட்டாளிகளும் அந்தச் சிவப்பு ஒளியைக் குவார்ட்ஸ் படிகம் ஒன்றினுள் செலுத்தி, அதில் மிகச் சிறு பங்கு சரிபாதி அலைநீளமுள்ள புற ஊதா ஒளியாய் வெளிவருவதைக் கண்டார்கள். கட்டுரையோடு அனுப்பிய படத்தில் அந்தப் புதிய ஒளி ஒரு மங்கிய புள்ளியாக மட்டும் தெரிந்தது. இதழில் அச்சானபோது புள்ளியைக் காணவில்லை. தாளில் விழுந்த கறை என்றெண்ணி அச்சுக்கு அனுப்பும் முன் அழித்துவிட்டார்கள். ஏடு பெயர்த்து எழுதியோர் புள்ளியை விட்டுவிட்டதால் பாடபேதங்களோடு மல்லுக்கட்டும் தமிழாசிரியர்களுக்கு இச்செய்தி ஆறுதல் தரும். எது எப்படியாயினும், ஒளியின் நிறத்தை மாற்றும் 'நேர்கோடிலா ஒளியியல்' படிகங்களைத் தேடும் வேட்டை அன்று தொடங்கியது.

கதிர்வீச்சைக் காணும் படிகங்களின் கதை சற்று முந்தியது. 1948இல் ஹாஃப்ஸ்டாட்டர், சோடியம் அயோடைடில் மிகச் சிறிதளவு தாலியம் சேர்த்தால், கண்ணுக்குத் தெரியாத காமாக் கதிர் அதில் படும்போது நீல ஒளி மினுக்குகிறது என்று காட்டினார். பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஒரு காமாத் துகள் ஏறத்தாழ 38,000 ஒளித்துகள்களாகச் சிதறுகிறது. அவற்றை எண்ணினால் வந்த கதிரின் ஆற்றல் தெரிந்துவிடும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைப் போல அணு மருத்துவத் துறை உள்ள இடங்களில், நோயாளியை அசையாமல் படுக்கச் சொல்லி மேலே ஒரு தட்டையான பெரிய தலையைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். காமாக் காமிரா எனப்படும் அக்கருவிகள் பலவற்றின் தலைக்குள் இருப்பது, தட்டுப் போன்ற சோடியம் அயோடைடு ஒற்றைப் படிகம். காற்றிலுள்ள ஈரம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் அதை உலோக உறைக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். எலும்பிலோ தைராய்டிலோ எங்கே குறை இருக்கிறது என்பதை அந்தப் பளிங்கு ஒளியாக மொழிபெயர்த்துச் சொல்கிறது. சாத்தனாரின் மண்டபம் குரலைத் தடுத்து உருவை விட்டது. இதுவோ உடம்பை ஊடுருவி வரும் கதிரைத் தடுத்து, அதைக் கொண்டே உருவைக் காட்டுகிறது.

இனித் தோலுக்கு வருவோம். 1948 ஏப்ரலில் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது. சில ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு ஜி.என். இராமச்சந்திரன் தலைமை ஏற்றார். அணுக்கள் படிகத்தில் எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்பதை எக்ஸ் கதிரால் அறிவதே அவருடைய தொழில். எதை ஆராயலாம் என்ற கேள்வி வந்தபோது, சென்னை வந்திருந்த பெர்னால் என்னும் அறிஞர், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் யாருக்கும் தெளிவாகவில்லை என்றார். கொலாஜன்தான் தோலின் உடல். அதற்கான மாதிரியை எங்கே தேடுவது? அருகிலேயே தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அங்கிருந்து கிடைத்த கொலாஜனைக் கொண்டு உழைத்து, மூன்று இழைகள் சடைபோலப் பின்னிய அமைப்பே கொலாஜன் என்று 1954இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அடுத்த ஆண்டில் அவர்களே அதைத் திருத்தி மேம்படுத்தினார்கள். தமிழ்நாட்டில் செய்யப்பட்ட அறிவியலில் உலகம் மறவாத பக்கங்களுள் இது ஒன்று. அதற்கு மூலப்பொருள் ஆம்பூரில் டேனரி டிரம்முக்குள் நாளும் உருளும் அதே பொருள் என்பதை நம் பாடநூல்கள் சொல்வதில்லை.

டேனரியில் நடப்பதும் படிகக்காரருக்கு அந்நியமானதன்று. முன்பு ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டார்கள், வாரக்கணக்கில் ஆகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் குரோமிய உப்பு வந்ததும் அது நாள் கணக்காய்ச் சுருங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் இம்முறையைப் பழக்கினார். பின்னர் சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்துக்கருகே நிறுவிய குரோம் தோல் கம்பெனியின் பெயரால் ஓர் ஊரே குரோம்பேட்டை ஆயிற்று. மின்ரயிலில் அவ்வூரைக் கடப்போரில் எத்தனை பேருக்கு அது ஒரு தனிமத்தின் பெயர் என்று தெரியும்? குரோமியம் கொலாஜன் இழைகளுக்கிடையே பாலமாக நின்று அவற்றைக் கட்டிப்போடுகிறது. அதனால் தோல் அழுகாது, வெந்நீரிலும் சுருங்காது. டிரம்மிலிருந்து வெளிவரும்போது வெளிர்நீலமாக இருக்கும். அதைத்தான் 'வெட் புளூ' என்பார்கள்.

தொடக்க காலத்தில் இதற்குப் பயன்பட்ட உப்புகளுள் ஒன்று குரோம் படிகாரம். சலூனில் சவரத்துக்குப் பின் கன்னத்தில் தேய்க்கும் வெள்ளைப் படிகாரத்தின் உடன்பிறப்பு; அலுமினியம் இருந்த இடத்தில் குரோமியம். கரும் ஊதா நிறத்தில் எண்முகப் பட்டையுடன் வளரும். உலகெங்கும் பள்ளிப் பிள்ளைகள் முதன்முதலில் வளர்த்துப் பார்க்கும் படிகங்களில் இதுவும் ஒன்று. இரண்டும் ஒரே அமைப்புடையவையாதலால், ஊதாப் படிகத்தை வெள்ளைப் படிகாரக் கரைசலில் தொங்கவிட்டால் வெள்ளை அதன்மேல் உறைபோல வளரும். கண்ணாடிக்குள் நாவற்பழம் இருப்பதுபோலத் தோன்றும். இதே குரோமியம், அலுமினிய ஆக்சைடில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கலந்தால் அது மாணிக்கம். மெய்மனின் லேசர் அதிலிருந்துதான் எரிந்தது. கண்ணகியின் சிலம்பில் சிவந்ததும் ஆம்பூர்த் தோலில் நீலம் பாய்ச்சுவதும் ஒரே தனிமம். சூழ்ந்திருக்கும் அணுக்கள் யார் என்பதைப் பொறுத்து அதன் நிறம் மாறுகிறது.

1980களின் தொடக்கத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில், தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மிக அருகில், படிக வளர்ச்சி மையம் தொடங்கப்பட்டது. அதை உருவாக்கி வளர்த்தவர் பேராசிரியர் பெ. இராமசாமி. கருவாக்கம் எப்போது, எவ்வளவு நேரத்தில் நிகழும் என்பது அவர் நெடுங்காலம் உழன்ற கேள்வி. அவரிடமும் அவருடைய மாணவர்களிடமும் பயின்றோர் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் ஆசிரியரானார்கள். இத்துறை இங்கே இவ்வளவு பரவியதற்கு ஓர் எளிய காரணம் உண்டு. கரைசலிலிருந்து படிகம் வளர்க்க ஒரு பீக்கர், வாலைவடிநீர், வெப்பநிலை மாறாத தொட்டி, பிறகு பொறுமை இவை போதும். துகள் முடுக்கி வாங்க இயலாத கல்லூரியும் பீக்கர் வாங்கலாம். எம் வட்டாரத்தில் தோல் வணிகர்களின் கொடையால் எழுந்த கல்லூரிகள் உண்டு. வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரி 1919இலேயே தோன்றியது. அத்தகைய கல்லூரி ஒன்றில் இயற்பியல் துறைக்குள் நுழைந்தால், துளையிட்ட தாளால் மூடிய பீக்கர்கள் அலமாரியில் அமைதியாக நிற்பதைக் காணலாம். ஊருக்கு வெளியே உருளும் டிரம்களின் இரைச்சலுக்கு நேரெதிரான காட்சி அது.

இந்த எளிய கருவிகளின் எல்லைக்குள்ளிருந்தே ஒரு புதிய முறையும் பிறந்தது. பீக்கரில் வளரும் படிகம் எல்லாத் திசையிலும் வளர்கிறது. கருவிக்குத் தேவையானதோ ஒரு குறிப்பிட்ட திசையில் வெட்டிய தகடு மட்டும். வெட்டும்போது பெரும்பகுதி வீணாகும். வெவ்வேறு முகங்களில் வளர்ந்த பகுதிகள் சந்திக்குமிடத்தில் குறைகளும் மிகும். 2005இல் சங்கரநாராயணனும் இராமசாமியும் வேறொரு வழி சொன்னார்கள். கண்ணாடிக் குழாயின் அடியில் வேண்டிய முகம் மேல்நோக்கும்படி வித்தை வைத்து, மேலே கரைசலை ஊற்றி, குழாயின் மேற்புறம் ஒரு வெப்ப வளையம் இட்டால் நீர்மம் மெல்ல ஆவியாகும். கரைந்தது முழுவதும் அடியிலுள்ள வித்தின் மீதே இறங்கி, குழாயின் வடிவிலேயே, அந்த ஒரு திசையில் மட்டும் படிகம் எழும்பும். முதலில் பென்சோஃபீனோன் என்னும் கரிமப் பொருளில் செய்து காட்டினார்கள். இருவர் பெயராலும் அது சங்கரநாராயணன்-இராமசாமி முறை என்று வழங்குகிறது. பின்னர் காலவாக்கம் எஸ்.எஸ்.என். கல்லூரியில் இராமசாமி பணியாற்றியபோதும் இம்முறையில் பல படிகங்கள் வளர்ந்தன. வேலூர் வி.ஐ.டி.யின் படிக வளர்ச்சி மையத்தில், கதிர்வீச்சு பட்டால் ஒளி மினுக்கும் டிரைஃபினைல் பென்சீனை இம்முறையில் வளர்த்திருக்கிறார்கள். தோல் மூட்டைகள் ஏற்றிய லாரிகள் செல்லும் நெடுஞ்சாலைக்கு அப்பால் காட்பாடியில் அது நடந்தது என்பதைக் கேட்டபோது நமக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

ஆனால் புகழ்ச்சியோடு நிறுத்திக்கொண்டால் அது வரலாறாகாது. பீக்கரின் எளிமையே இத்துறைக்குச் சிக்கலையும் கொண்டுவந்தது. அமினோ அமிலம் ஒன்றை ஓர் உலோக உப்போடு நீரில் கரைத்து வைத்தால் ஏதோ ஒரு படிகம் கட்டாயம் வரும். அதற்கு இரண்டின் பெயரையும் சேர்த்து ஒரு புதுப் பெயர் சூட்டிக் கட்டுரை அனுப்பிவிடலாம். உண்மையில் கரைசலில் இருவர் இருந்தாலும், குறைவாகக் கரையக்கூடியவர் தனியாக முதலில் இறங்கிவிடுவதுண்டு. வந்தது புதுப் பொருளல்ல, போட்ட அமினோ அமிலமே. 2010இல் ஃபிளெக், பெட்ரோசியன் என்ற இரு அறிஞர்கள் இத்தகைய பிழைகளைத் தொகுத்து எழுதினார்கள். கோவா பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் பி.ஆர். ஸ்ரீனிவாசன் ஆண்டுக்கணக்காக ஒவ்வொரு கட்டுரையாக எடுத்து, 'இப்படி ஒரு படிகம் இல்லை' என்று மறுப்பு எழுதினார். மறுக்கப்பட்டவற்றில் இந்தியக் கல்லூரிகளிலிருந்து, குறிப்பாகத் தமிழகத்திலிருந்து, சென்றவை குறைவல்ல.

இதைச் சொல்லத் தமிழாசிரியனுக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியீடு வேண்டும் என்று 2009இலும், பதவி உயர்வுக்கு மதிப்பெண் வேண்டும் என்று 2010இலும் பல்கலைக்கழக மானியக் குழு விதி செய்தபின் எம் துறையிலும் நடந்தது இதேதான். இரண்டு நூல்களின் பெயரைச் சேர்த்தால் ஒரு தலைப்பு. கருத்தரங்கக் கோவையில் நான்கு பக்கம். கரைத்துப் பார்த்தால் பழைய உரையாசிரியரே அடியில் கிடப்பார். இயற்பியலாருக்கு ஒரு நற்பேறு உண்டு. அவர்கள் படிகத்தை எக்ஸ் கதிர்முன் வைத்தால் அது பொய் சொல்லாது, வைக்க வேண்டும் என்ற மனம் மட்டுமே தேவை. ஸ்ரீனிவாசனைப் போல் ஒருவர் தமிழாய்வுக்கு வாய்க்கவில்லை என்பது எம் கருத்து.

பாலாற்றங்கரையில் இன்னொரு படிகமாக்கமும் நடக்கிறது. அதற்கு ஆய்வேடு எழுதுவோர் அரிது. ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் அழுகாமலிருக்க முதலில் உப்பிட்டு வைப்பார்கள். டேனரியில் ஊறவைக்கும்போது அந்த உப்பு முழுவதும் நீரில் இறங்குகிறது. அதோடு பதனிடும் அமிலத்திலிருந்தும் பிறவற்றிலிருந்தும் வரும் சல்ஃபேட். இந்நீர் ஆற்றிலும் கிணற்றிலும் சேர்ந்ததன் விளைவை ஊரார் அறிவர். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த உச்சநீதிமன்றத் தீர்ப்பு, இந்தத் தோல் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமாகவோ பயிருக்கு உதவாமல் போனதைக் குறிப்பிடுகிறது. கெடுத்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் உறுதியாக ஊன்றிய தீர்ப்பு அது. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று விட்டுச்சென்ற கழிவுமேடு மஞ்சள் நீராய்க் கசிந்த கதை தனி. உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்கள் என்று 2006இல் ஒரு பன்னாட்டு அமைப்பு வெளியிட்ட பட்டியலில் இராணிப்பேட்டையும் இருந்தது. 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. உப்பு எந்த எல்லையையும் பார்ப்பதில்லை. 2025 ஜனவரியிலும் உச்சநீதிமன்றம் இதே ஆற்றைப் பற்றி மீண்டும் தீர்ப்புச் சொல்ல நேர்ந்தது.

கழிவுநீரை வெளியே விடக்கூடாது என்ற நிலை வந்தபின், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் நீரைச் சவ்வில் வடித்து, எஞ்சியதை ஆவியாக்குகிறார்கள். இறுதியில் மிஞ்சுவது படிகம். ஒற்றைப் படிகமன்று, சோடியம் குளோரைடும் சோடியம் சல்ஃபேட்டும் கரிமக் கசடும் கலந்த பழுப்பு உப்பு. கலந்திருப்பதாலேயே அது யாருக்கும் ஆகாது. கொட்டவும் இடமில்லாமல் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாய் அடுக்கியிருக்கிறது.

இவ்விரண்டு உப்பையும் பிரிக்க வழி இல்லாமல் இல்லை. படிக வளர்ச்சி ஆய்வேடு எதைத் திறந்தாலும் தொடக்க இயல்களில் கரைதிறன் வரைபடம் ஒன்று இருக்கும். அதில் இவ்விரு உப்புகளையும் வைத்துப் பார்த்தால் விடை தெரியும். சோடியம் குளோரைடின் கோடு ஏறத்தாழப் படுத்தே கிடக்கிறது. குளிர்ந்தாலும் சூடானாலும் அது கரையும் அளவு பெரிதாக மாறாது. சோடியம் சல்ஃபேட்டின் கோடு 32 டிகிரிக்குக் கீழே செங்குத்தாய்ச் சரிகிறது. ஆகவே குளிரவைத்தால் சல்ஃபேட் மட்டும் பத்து மூலக்கூறு நீரைக் கூட்டிக்கொண்டு தனியே இறங்க வேண்டும். டேனரி உப்பில் உள்ள கரிமக் கசடு இதைக் கெடுக்கிறது. குளிரூட்டும் செலவும் கூடுகிறது. ஆகவே இது பெரிய அளவில் எளிதன்று என்று இதில் உழைப்போர் சொல்கிறார்கள். புதிய அமினோ அமிலப் படிகம் தேடி அலையும் மாணவருக்கு இந்தக் கசடு நல்லதொரு ஆய்வுப் பொருளாகாதா என்று எம் கல்லூரி வேதியியல் நண்பரிடம் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, கடையில் வாங்கிய தூய உப்புகள் இரண்டையும் வெந்நீரில் கலந்து கரைத்து, துறையின் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் அடியில் நிறமற்ற பட்டைகளாய்ச் சல்ஃபேட் இறங்கியிருந்தது. மேலே நின்ற தெளிந்த நீரை ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார். கரித்தது.